பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஓர் ஏஐ வகுப்பு: 80 வெள்ளிக்குத் தகுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வேடு எழுதும்போது ஏஐயை நேர்மையாகப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லித்தரும் சனிக்கிழமை வகுப்பு. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பகுதி நேரமாக முதுகலை படிக்கிறேன். வந்திருந்த பதினொரு பேரில் எனக்கு மட்டும்தான் மூக்குக்கண்ணாடி ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

முதல் பாதி அருமை. "உங்க தலைப்பைக் கொடுத்து அஞ்சு ஆய்வுக் கட்டுரை கேளுங்கக்கா" என்றார் பாடம் நடத்திய தம்பி. என் தலைப்பு தமிழ்ப்பள்ளி வரலாறு. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை ஏஐ சரியாகவே சொன்னது. அந்த நம்பிக்கையில் கட்டுரைப் பட்டியலையும் அப்படியே எடுத்துக்கொள்ள இருந்தேன். ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும், அதாவது கட்டுரைக்கென்று இணையத்தில் உள்ள தனி அடையாள எண்ணையும், தட்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டு எண்கள் திறக்கவே இல்லை. ஒன்று நெல் நோய் பற்றிய கட்டுரைக்குப் போனது! இணையத்தில் தேடாமல் பதில் சொல்லும்போது அது அடுத்த சொல் எதுவென்று கணித்துத்தான் அடுக்குகிறதாம். மேற்கோள் மாதிரி தெரிவதை உருவாக்குவது அதற்கு மிகச் சுலபம்.

அப்புறம் ஒரு நோட்டு வைக்கச் சொன்னார்: என்ன கேட்டேன், என்ன வந்தது, அதில் எதை எடுத்தேன் என்று மூன்று கட்டம். போன வாரம் என் மேற்பார்வையாளர் "இந்தப் பகுதிக்கு ஏஐ உதவியா?" என்று கேட்டபோது அதைத்தான் நீட்டினேன். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

இரண்டாம் பாதி வீண். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றைச் சந்தா கட்டச் சொல்லி விற்கப் பார்த்தார்கள். நான் 2014இல் எழுதிய பழைய ஆங்கிலக் கட்டுரையைப் போட்டேன். பெரும்பகுதி ஏஐ எழுதியது என்றது. சாட்ஜிபிடி வெளிவந்ததே 2022 நவம்பரில்! அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதியதை இப்படிப்பட்ட கருவிகள் அதிகமாகச் சந்தேகிக்கின்றன என்று அதே ஆண்டு ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்களும் காட்டினார்கள். நம் பிள்ளைகளிடம் இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? தம்பியிடம் கேட்டேன், சிரித்து மழுப்பினார்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். போவதானால் தேநீர் இடைவேளையோடு கிளம்பிவிடுங்கள், கறிபாப் நன்றாக இருந்தது. காடியில் போகாதீர்கள். பார்க்கிங் தேடியே எனக்கு அரை மணி நேரம் போனது, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடப்பதே மேல்.