எல்லாப் பெயரும் 'லால்' என்றுதான் முடியும், ஆனால் மாத்திரை ஒன்றல்ல

போன மாதம் ஓர் அம்மா இரண்டு மருந்துச்சீட்டோடு எங்கள் மெடிக்கலுக்கு வந்தார். ஒன்று பல வருடமாக ஊர் டாக்டரிடம் வாங்கிச் சாப்பிடும் பிரஷர் மாத்திரை, அட்டெனலால் 50. இன்னொன்று, நடந்தால் நெஞ்சை அடைக்கிறது என்று டவுனில் போய்ப் பார்த்த இதய மருத்துவர் எழுதியது, மெட்டோப்ரோலால் 50. பழைய மாத்திரையைப் பற்றி அந்த அம்மா அங்கே சொல்லவே இல்லை. எட்டு நாளாக இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். "எழுந்து நின்னா கண்ணு இருட்டுது தம்பி" என்றார். மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன், 46. அங்கேயே உட்காரவைத்து இதய மருத்துவருக்குப் போன் போட்டோம். அட்டெனலாலை விட்டுவிட்டு மெட்டோப்ரோலாலை மட்டும் தொடரச் சொல்லி, அன்றைக்கே வந்து ஈசிஜி எடுக்கவும் சொன்னார்.

இரண்டும் ஒரே குடும்பம் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், ப்ரோப்ரனலால், நெபிவலால், கார்வெடிலால் என்று கடைசியில் 'லால்' வருகிற எல்லாமே பீட்டா பிளாக்கர்தான், அதாவது இதயத்துடிப்பைக் குறைக்கும் வகை மருந்து. அதனால் ஒருவருக்கு இரண்டு 'லால்' வந்திருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். வேறு வகைப் பிரஷர் மருந்துகளான அம்லோடிப்பினோடு அட்டெனலால், டெல்மிசார்டனோடு மெட்டோப்ரோலால் என்று ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து சேர்ந்து வருவதும் உண்டு, ஆகவே அட்டையின் முன்பக்கத்துப் பெயரை மட்டும் பார்க்காமல் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். அதே சமயம் ஒரே குடும்பம் என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நாமாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. கடையில் தினமும் கேட்கிற கேள்வி அதுதான்: "இது இல்லேன்னா அதக் குடுங்க."

முதலில், இந்தக் குடும்பமே உங்களுக்குத் தேவைதானா என்பதைப் பார்க்கலாம். இந்த வகையின் முதல் வெற்றிகரமான மருந்தான ப்ரோப்ரனலாலை 1960-களில் உருவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக், 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். அடைபட்ட இதய ரத்தக்குழாய்க்குள் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பார்ப்பதைவிட இதயத்தின் வேலையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். அட்ரினலின் வந்து உட்காரும் இடத்தை மாத்திரை பிடித்துக்கொள்கிறது, துடிப்பு குறைகிறது, இதயம் கேட்கும் ஆக்சிஜன் குறைகிறது, இரண்டு துடிப்புக்கு நடுவே இதயத்தசைக்கு ரத்தம் போக நேரமும் கூடுகிறது. ஆஞ்சைனா என்கிற, நடந்தால் வந்து நின்றால் போகிற நெஞ்சுவலிக்கு இது அருமையான மருந்து. (ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்வதால் ஓய்விலேயே வரும் ஆஞ்சைனா வேறு, அதற்கு இது சரிப்படாது.)

நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் பிரஷர் மட்டும் இருப்பவருக்குக் கதை வேறு. 2002-இல் வந்த லைஃப் ஆய்வில் லோசார்டன் என்ற வேறு வகைப் பிரஷர் மருந்தும் அட்டெனலாலும் பிரஷரை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைத்தன, ஆனாலும் பக்கவாதம் லோசார்டன் எடுத்தவர்களுக்குச் சுமார் 25 சதவீதம் குறைவு. 2005-இல் அஸ்காட் ஆய்விலும் அம்லோடிப்பின் பக்கம்தான் அட்டெனலால் பக்கத்தைவிட நன்றாக இருந்தது. 2006-இல் பிரிட்டன் தன் வழிகாட்டுதலை மாற்றி, சாதாரண பிரஷருக்கு முதல் மருந்து என்ற இடத்திலிருந்து பீட்டா பிளாக்கரை இறக்கியது. ஆக என் கருத்து இதுதான்: பிரஷர் மட்டும் என்றால் அம்லோடிப்பின், டெல்மிசார்டன் மாதிரியானவை முன்னால் வரட்டும். ஆஞ்சைனா, மாரடைப்பு, இதயம் பலவீனமாகிப்போவது, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இவற்றில் ஏதாவது கூட இருந்தால் 'லால்' தன் இடத்தைப் பிடிக்கிறது. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே பழைய அட்டெனலாலை நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, அட்டெனலாலா மெட்டோப்ரோலாலா? அட்டெனலால் விலை குறைவு, நாளுக்கு ஒருமுறை போதும் என்பதே வழக்கம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை பெரிதாக இல்லை. ஆனால் அது வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. வயதாக ஆகச் சிறுநீரகம் தளரும், சர்க்கரை இருந்தால் இன்னும் வேகமாக, அப்போது அதே 50 மில்லிகிராம் உடம்பில் தேங்கித் துடிப்பை ரொம்ப இறக்கிவிடும். சிறுநீரகம் எவ்வளவு வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே போனால் நாளுக்கு 50-க்கு மேல் கொடுக்கக்கூடாது, 15-க்குக் கீழே 25 தான். பத்து வருடமாக அதே அட்டையை வாங்கிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் கடைசியாகக் கிரியாட்டினின் எப்போது பார்த்தீர்கள் என்று நான் கேட்காமல் விடுவதில்லை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அட்டெனலால் ஆகாது, குழந்தையின் வளர்ச்சி குன்றலாம். அங்கே மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பது அதே குடும்பத்து லபெட்டலால்.

மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் உடைக்கிறது, எனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது வசதி. ஆனால் இதில் டார்ட்ரேட், சக்சினேட் என்று இரண்டு உப்பு, அதாவது ஒரே மருந்தின் இரண்டு வேதி வடிவம் உண்டு, குழப்பமே அங்கேதான். டார்ட்ரேட் சீக்கிரம் வேலைசெய்து சீக்கிரம் இறங்கும், பொதுவாகக் காலை மாலை இரண்டு வேளை. சக்சினேட் மெதுவாகக் கரையும்படி செய்தது, ஒரு வேளை, அட்டையில் எக்ஸ்எல் என்றோ ஈஆர் என்றோ இருக்கும். இதயம் பலவீனமானவர்களின் ஆயுளைக் கூட்டியதாக 1999-இல் நிரூபணமானது இந்த சக்சினேட்தான். டார்ட்ரேட் எழுதிய சீட்டுக்குச் சக்சினேட்டையோ, சக்சினேட் எழுதிய சீட்டுக்கு டார்ட்ரேட்டையோ கொடுத்துவிட்டால் 'மெட்டோப்ரோலால் 50' என்று பெயரும் அளவும் சரியாகத்தான் இருக்கும், உடம்பில் நடப்பது வேறாக இருக்கும். எக்ஸ்எல் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவே கூடாது, நாள் முழுக்கக் கசிய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். நடுவில் கோடு இருந்தால் அந்தக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், அவ்வளவுதான். இதைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனோ, தினமும் ஒரே மாதிரி எடுப்பது நல்லது. மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடினோ பேராக்ஸெடினோ எடுக்கிறவர்களுக்கு மெட்டோப்ரோலால் உடைவது தடைப்பட்டு ரத்தத்தில் ஏறும், அட்டெனலாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கெட்ட கனவு, தூக்கம் கெடுவது ஆகியவையும் மூளைக்குள் எளிதாகப் போகிற ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் பக்கம்தான் அதிகம்.

இரண்டுக்கும் நடுவே எனக்குப் பிடித்தது பிசோப்ரோலால். ஒரு வேளை போதும், பாதி சிறுநீரகம் பாதி கல்லீரல் என்று வேலையைப் பங்குபோட்டு வெளியேறும், இதயத்தை மட்டும் குறிவைப்பதிலும் அட்டெனலாலைவிடக் கெட்டி. நெபிவலால் ரத்தக்குழாயைத் தளர்த்தவும் செய்யும், கைகால் சில்லிடுவதும் ஆண்மைக்குறைவும் இதில் குறைவு என்கிறார்கள், ஆனால் அது முக்கியமாகப் பிரஷர் மாத்திரை, ஆஞ்சைனாவில் பழைய மருந்துகளுக்கு இருக்கிற அனுபவம் அதற்கு இல்லை. கார்வெடிலால் இதயம் பலவீனமானவர்களுக்கு நன்கு நிரூபணமான மருந்து, சர்க்கரை அளவையும் மெட்டோப்ரோலால் அளவுக்குக் கெடுப்பதில்லை. ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றித் தள்ளும், சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். ப்ரோப்ரனலாலை இன்று பிரஷருக்கென்று எழுதுவது அரிது. ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம், தைராய்டு படபடப்பு என்று வேறு காரணத்துக்காக அது வீட்டில் இருக்கும், இரண்டாவது 'லால்' பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

வீசிங் இருப்பவர்களுக்கு ப்ரோப்ரனலாலும் கார்வெடிலாலும் ஆகவே ஆகாது, மூச்சுக்குழாயையும் சேர்த்து இறுக்கும். பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்றவை இதயத்தைக் குறிவைப்பவை என்றாலும் அளவு கூடக்கூட அந்த வித்தியாசம் கரைந்துபோகும், எனவே ஆஸ்துமாக்காரர் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் தொடவேண்டாம். கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டுமருந்தும் பீட்டா பிளாக்கர்தான்! சொட்டுமருந்துதானே என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

இப்போது நிறுத்துவதைப் பற்றி. எந்த 'லால்' ஆனாலும் இதில் வித்தியாசம் இல்லை, அதனால்தான் இதற்கு மட்டும் குரலை உயர்த்துகிறேன். மாத்திரை வருடக்கணக்கில் கதவை அடைத்துவைத்திருக்கும்போது உடம்பு கூடுதலாகக் கதவுகளைக் கட்டிக்கொள்கிறது. ஒருநாள் மாத்திரையை நிறுத்தினால் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறக்கும், அட்ரினலின் மொத்தமாக உள்ளே பாயும். துடிப்பு எகிறும், அடங்கியிருந்த நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பும் வரலாம். 1970-களிலேயே மருத்துவ இதழ்களில் இதை எழுதிவிட்டார்கள், அமெரிக்காவில் இந்த மாத்திரைகளின் தகவல்தாளிலும் எச்சரிக்கிறார்கள். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர் பொங்கலுக்குச் சொந்த ஊர் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டு, நாலு நாள்தானே என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து பிழைத்து வந்தார். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் மருத்துவர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார், அந்த நாட்களில் கடின வேலை வேண்டாம். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் போகும்போதும் நீங்களாக நிறுத்தாமல் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சேரக்கூடாதவற்றில் முதல் இடம் வெராபமில், டில்டியாசெம் இரண்டுக்கும். அவையும் பிரஷருக்கும் ஆஞ்சைனாவுக்கும் எழுதுகிற மருந்துதான், ஆனால் 'லால்' மேல் விழுந்தால் இதயத்துடிப்பு நின்றுபோகிற அளவுக்கு மெதுவாகலாம். மூட்டுவலிக்குத் தொடர்ந்து போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் பிரஷரைத் திரும்ப ஏற்றும்.

வலி வந்த நேரத்தில் இன்னொரு 'லால்' போட்டு உடனே நிறுத்த முடியாது. உட்கார்ந்துகொண்டு, மருத்துவர் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட், அதற்கும் அடங்காமல் ஐந்து நிமிடம் தாண்டினால் 108. (வயாகரா வகை மாத்திரை எடுத்திருந்தால் சார்பிட்ரேட் வைக்கவே கூடாது.)

அந்த அம்மா இந்த மாதம் மருந்து வாங்க வந்தபோது தானாகவே கையை நீட்டினார். எண்ணினேன், 62. மகளுக்கும் எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மாத்திரை போடுவதற்கு முன் ஒரு நிமிடம், 50-க்குக் கீழே இருந்தாலோ தலை சுற்றினாலோ அந்த வேளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவருக்குப் போன் போட வேண்டும்.