சோலையா, சீகைக்காடா?

நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் போனால், தானாக வளர்ந்த சோலைக்காட்டையும் மனிதர் நட்ட சீகை (வாட்டில்) மரக்காட்டையும் அருகருகே பார்க்கலாம். தூரத்தில் இரண்டுமே பச்சைதான்.

சோலைக்குள் மரத்தண்டில் ஒட்டிய பாசியை விரலால் அழுத்துங்கள், தண்ணீர் சொட்டும். சுற்றியுள்ள புல்வெளியும் மழையை வாங்கி நிலத்துக்குள் இறக்கி, கோடையிலும் ஓடைக்கு மெல்ல விடுகிறது. வரையாடு மேய்வதும் தோடர்களின் எருமை மேய்வதும் அந்தப் புல்லில்தான். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குறிஞ்சி பூப்பதும் அங்கேதான்.

சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. விறகு தந்தன, தோல் பதனிடப் பட்டை தந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் தண்ணீர்க் கணக்கு வேறு. நீலகிரியிலேயே கிளன்மார்கன் என்ற இடத்தில் புல்வெளியில் கற்பூர மரம் நட்டு அளந்தார்கள். நட்டு வெட்டும் முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் நட்டாலே மழைவளம் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது.

என் தேர்வு புல்வெளியும் சோலையும்தான். ஆனால் சீகையை வெட்டினால் மட்டும் புல் திரும்பிவிடாது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும், வெளிச்சம் பட்டதும் கூட்டமாக முளைக்கும். வெட்டிய இடத்தில் நாட்டுப்புல்லை நட்டு, நாற்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.