கஞ்சிக்கோட்டு கிளாஸ் ஃபில்டு நைலான்: தாராளமாக வாங்கலாம், பிபி என்றால் மட்டும் கேட்டு வாங்குங்கள்

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கிளாஸ் ஃபில்டு மெட்டீரியல், அதாவது கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக், காம்பவுண்டிங் (உருக்கிக் கலந்து மணியாக்குவது) செய்து தரும் ஒரு சின்ன யூனிட் பற்றி ஆளாளுக்குக் கேட்கிறார்கள், மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. க.க.சாவடியில் இருக்கும் எங்கள் பட்டறையில் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிகளுக்கு மோட்டார் ஃபேன், பிராக்கெட் எல்லாம் நைலானிலும் ஃபுட் வால்வு பாகங்கள் பாலிப்ரொப்பிலீனிலும் (பிபி) மோல்டிங் ஓட்டுகிறோம். இரண்டிலும் 30 சதவீதம் கண்ணாடி இழை. (தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்குப் பெரும்பாலும் நோரில் என்ற வேறு பிளாஸ்டிக்தான் கேட்பார்கள், அது இவர்களிடம் கிடையாது.)

நைலான் 6 அருமை. பையில் 30 என்று அச்சடிக்க யாருக்கும் கஷ்டமில்லை என்பதால், கொஞ்சம் கிரானூல்ஸை (பிளாஸ்டிக் மணிகளை) எடைபோட்டு பக்கத்து ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை ஃபர்னஸில் 600 டிகிரியில் எரித்துப் பார்த்தோம். நைலான் எரிந்துபோகும், கண்ணாடி அப்படியே நிற்கும். மிச்சம் 30-ஐ ஒட்டியே வந்தது. எடையைவிட எனக்குப் பிடித்தது அந்த மிச்சம் இருந்த விதம்: ஒவ்வொரு மணியும் உருவம் கலையாமல் வெள்ளைப் பஞ்சாக நின்றது, தொட்டால்தான் உதிர்ந்தது. டால்க் என்ற மாக்கல் பொடி கலந்து கணக்கு காட்டியிருந்தால் வெறும் பொடிதான் இருந்திருக்கும்.

ஆனால் கண்ணாடி உள்ளே இருந்தால் மட்டும் போதுமா? பிளாஸ்டிக் அதை நனைத்திருக்க வேண்டும், நனைத்த பிறகு விடாமல் பிடிக்கவும் வேண்டும். எபாக்சி மாதிரி ரெசின் என்றால் இழைக்கட்டுக்குள் தானாக ஊறிவிடும், உருகிய நைலான் அதைவிடப் பல நூறு மடங்கு கெட்டி, தானாக எங்கேயும் போகாது. ஓர் இழையின் தடிமன் 10 முதல் 13 மைக்ரான், அந்த மாதிரி நூற்றுக்கணக்கான இழைகள் ஒட்டிக் கிடக்கும் இழைக்கட்டை காம்பவுண்டிங் மெஷினின் ட்வின் ஸ்க்ரூதான் (இரட்டைத் திருகு) பிரித்து, இடுக்கில் எல்லாம் நைலானைத் தள்ள வேண்டும். ரொம்பப் பிசைந்தாலும் வம்பு, இழை நொறுங்கிவிடும். 3 அல்லது 4.5 மில்லிமீட்டராக உள்ளே போகிற இழை நல்ல சரக்கிலேயே அரை மில்லிமீட்டருக்குள்தான் மிஞ்சுகிறது; அதனால் நம் மோல்டிங் மெஷினிலும் பேக் பிரஷரை (ஸ்க்ரூ பின்வாங்கும்போது கொடுக்கும் எதிர் அழுத்தத்தை) குறைத்து வையுங்கள்.

நனைந்ததைப் பிடித்து வைப்பது சைசிங். இழையை இழுக்கும்போதே கண்ணாடிக் கம்பெனி பூசிவிடும் மெல்லிய பூச்சு அது, எடையில் பொதுவாக ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அதில் இருக்கும் சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருளின் ஒரு முனை கண்ணாடிப் பரப்போடு பிணைந்துகொள்ளும், மறுமுனையில் இருக்கும் அமினோ தொகுதி நைலானோடு சேர்ந்துகொள்ளும். இந்தச் சரக்கில் அந்த வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. ஓட்டிய பிராக்கெட்டை வைஸில் பிடித்து உடைத்து, உடைந்த முகத்தை மலிவான யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இழைகள் குட்டை குட்டையாக, பிளாஸ்டிக்கை ஒட்டியே அறுந்திருக்கின்றன. பிடிப்பு இல்லாவிட்டால் நீளமாக உருவிக்கொண்டு வரும், எதிர்ப் பாதியில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

தண்ணீரில் கொதிக்க வைத்தும் பார்த்தோம். நைலான் தண்ணீர் குடித்துத் தளர்வது சகஜம், அதை வைத்து சரக்கைத் திட்டக் கூடாது. கொதித்த பீஸை ஓவனில் நன்றாகக் காயவைத்த பிறகு உடைக்க வேண்டும், கண்ணாடியோடு இருந்த பிணைப்பு அறுந்திருந்தால் காய்ந்தாலும் பழைய பலம் வராது. இதில் வந்தது.

சரி, பிபி. அதே யூனிட், அதே 30, ஆனால் ஒரு மணியை பிளேடால் குறுக்கே வெட்டினால் நடுவில் நனையாத வெள்ளைக் கட்டு அப்படியே பிரஷ் முடி மாதிரி நிற்கிறது, விரலால் தேய்த்தால் இழை உதிர்ந்து கை அரிக்கிறது. உடைத்துப் பார்த்தால் முகம் முழுக்க நீள நீளமாக உருவிய இழை. பிபிக்கு நைலான் மாதிரி கண்ணாடியின் பூச்சோடு வினைபுரிய எதுவும் கிடையாது. உருகும்போது பரவும், ஆறியதும் சும்மா சுற்றி நிற்கும். அதற்குத்தான் மெலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிபியை இரண்டு சதவீதம் போலச் சேர்ப்பார்கள், அது சிலேனின் அமினோவைப் பிடித்துக்கொள்ளும். போட்டீர்களா என்று கேட்டதற்கு ஓனர், "அதுக்கு விலை கூடுமே சார், கேக்கறவங்களுக்கு மட்டும் போடறோம்" என்கிறார்! அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? ஃபுட் வால்வில் ஒரு லாட் கம்பெனியிலிருந்து திரும்பி வந்த பிறகு தெரிந்து என்ன பயன். கேட்டு வாங்கிய அடுத்த லாட்டில் உடைந்த முகம் எவ்வளவோ பரவாயில்லை, இழை குட்டையாகத்தான் நின்றது. கட்டுகள் மட்டும் இன்னும் அங்கங்கே தெரிகின்றன, அது அவர்கள் ஸ்க்ரூ செட்டிங் விஷயம், சொல்லியிருக்கிறேன்.

பேக்கிங்கும் சுமார். உள்ளே ஃபாயில் இல்லாத சாதாரண லைனர்தான். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும்போது நைலான் பை இங்கே வருவதற்குள் ஈரம் குடித்துவிடுகிறது, அப்படியே ஹாப்பரில் கொட்டினால் பீஸ் மேல் வெள்ளிக் கோடு கோடாக வரும், பலமும் போகும். 80 டிகிரியில் குறைந்தது நாலு மணி நேரம் காயவைக்காமல் ஓட்டாதீர்கள். மேலே இழை தெரிகிறது என்று சிலர் இந்தச் சரக்கைக் குறை சொல்வதைக் கேட்டேன், டை (அச்சு) சூட்டை 80 டிகிரிக்கு மேல் ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

விலை கோவை டீலர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். கடன் கிடையாது, பணம் வந்தால்தான் வண்டி ஏற்றுவார்கள். சின்ன ஆர்டருக்கும் முகம் சுளிப்பதில்லை, அது பெரிய விஷயம். பிபி எடுப்பவர்கள் மட்டும் அந்த மெலிக் அன்ஹைட்ரைடு சேர்மானம் எத்தனை சதவீதம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.