‘வாயுத் தொல்லைதான்’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் கவனத்துக்கு

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரே நோயோடு வரும் எல்லோருக்கும் ஒரே கவனிப்பு கிடைப்பதில்லை. பெண்கள், முதியவர்கள், கறுத்த தோல் உள்ளவர்கள், அங்கே பேசும் மொழி தெரியாதவர்கள்: கோட்டை விடப்படுவது பெரும்பாலும் இவர்கள் விஷயத்தில்தான். கூட்டம் அதிகம் என்பது காரணமாகாது. அதே கூட்டத்தில்தான் மற்றவர்களைக் கவனிக்கிறார்கள்.

மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் கூடவே மூச்சிரைப்பு, குமட்டல், தாடை வலி, முதுகு வலி, கடுமையான களைப்பு வருவது அதிகம். இவற்றை முதலில் சொன்னால் வாயு, பதற்றம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாரடைப்பு என்ற சந்தேகம் இருந்தால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். அது சரியாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ரத்தப் பரிசோதனை வேண்டும். வலி தொடங்கிய உடனே எடுத்தால் அளவு ஏறியிருக்காது என்பதால் சில மணி நேரத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும். நுண்ணளவைக் காட்டும் ட்ரோபோனின் சோதனை ஒன்றில் வரம்பு ஆண்களுக்கு லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்களுக்கு 16. ஆண்களின் வரம்பை வைத்து ‘நார்மல்’ என்று எழுதினால், இடைப்பட்ட அளவுள்ள பெண் மாரடைப்போடு வீட்டுக்குப் போக நேரலாம்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் எல்லோருக்கும் ஒரேபோல் வேலை செய்வதில்லை. ஒளியை வைத்து அளக்கும் கருவி அது. கறுத்த தோலில் ஆக்ஸிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி ஆக்ஸிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோதே உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் சுமார் 12 சதவீதம், வெள்ளையரின் அளவீடுகளில் சுமார் 4 சதவீதம். குளிர்ந்த விரலும் நகச்சாயமும் கணக்கை இன்னும் கெடுக்கும். மூச்சுத் திணறுகிறவரிடம் "94 இருக்கிறது, போகலாம்" என்றால் விடாதீர்கள். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணச் சொல்லுங்கள், ஆக்ஸிஜனை ரத்தத்திலேயே நேரடியாக அளக்கும் தமனி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மொழி தெரியாதவருக்குக் கூட வந்த குழந்தையை வைத்து விளக்கம் சொல்வது தவறு. மருந்து ஒவ்வாமையும் கர்ப்பமும் அங்கேதான் விடுபடுகின்றன.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ‘சொந்த விருப்பத்தில் வெளியேறுகிறேன்’ என்ற படிவம். படுக்கை இல்லை என்று அவர்களே அனுப்பிவிட்டு இதில் கையெழுத்து வாங்கினால், பொறுப்பை நோயாளி தலையில் தள்ள அதுவே வழியாகிவிடும். அனுப்பியது அவர்கள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் ‘படுக்கை இல்லை என்று சொன்னதால் போகிறோம்’ என்று எழுதி, தேதியும் நேரமும் குறித்து, அதன் பிறகே போடுங்கள். படிவத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் எழுதும்போது கோபத்தைவிட நேரம் பேசும். பதிவுச் சீட்டில் ஒரு நேரம் இருக்கும், ஈசிஜி தாளில் இன்னொரு நேரம் அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தாமதத்துக்குச் சான்று. இயந்திரத்தின் கடிகாரம் தவறாக ஓடலாம் என்பதால் கைப்பேசி நேரத்தையும் குறித்து வையுங்கள். முதல் பரிசோதனைக் குறிப்பு, செவிலியர் எழுதும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத் தாள், ட்ரோபோனின் முடிவு ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் யார், எந்தப் பதவியில் இருப்பவர், எத்தனை மணிக்கு மறுத்தார் என்று அந்தப் பிரதியிலேயே எழுதி, மேலதிகாரிக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.