முள்ளும் மலரும்: தப்பு செய்கிறவன் பக்கம் நம்மைச் சாய்க்கும் நடிப்பு

‘முள்ளும் மலரும்’ படத்தில் நியாயம் முழுக்க இன்ஜினீயர் குமரன் பக்கம்தான் இருக்கிறது. மின்நிலையத்து விஞ்சில், அதாவது மலைச்சரிவில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டியில், ஊர்க்காரர்களை ஏற்றக் கூடாது என்பது விதி. அதை மீறும் விஞ்ச் ஆபரேட்டர் காளியைக் குமரன் கண்டிக்கிறார். குடித்துவிட்டுக் கிடந்து லாரிச் சக்கரத்தில் கையைப் பறிகொடுப்பது காளியின் சொந்தத் தப்பு. தங்கையை முறையாகப் பெண் கேட்டு வந்த குமரனை ஒதுக்கிவிட்டு, வீம்புக்கு வேறு மாப்பிள்ளை பார்ப்பதும் அவன்தான். இவ்வளவும் தெரிந்தும் படம் முடியும்வரை நம் மனசு காளியை விட்டு நகர மறுக்கிறது. 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ஒரு படத்துக்கு இன்றைக்கும் விமர்சனம் எழுதக் காரணம் இதுதான். பார்ப்பவரின் தீர்ப்பை நடிப்பு எப்படி மாற்றிப் போடுகிறது என்று படிப்படியாகப் பிரித்துப் பார்க்க, தமிழில் இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது கஷ்டம். முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

உமாசந்திரனின் நாவலில் காளி கையை இழப்பது புலியிடம். இயக்குநர் மகேந்திரன், படத்தில் புலியை எடுத்துவிட்டு லாரியை வைத்தார். பார்க்கச் சின்ன மாற்றம்தான், ஆனால் நடிகன் தலையில் அது ஏற்றிவைத்த பாரம் பெரிது. புலியோடு மோதிக் கையை இழந்தவனை யாரும் வீரன் என்பார்கள், அனுதாபம் தானாக வந்துவிடும். போதையில் கிடந்தவன் மேல் லாரி ஏறினால் ‘அவனுக்கு வேணும்’ என்றுதான் ஊர் சொல்லும். அங்கிருந்து நம்மை இரக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையை நடிப்புதான் செய்தாக வேண்டும்.

காளியாக வருவது ரஜினிகாந்த். அன்றைய ரசிகருக்கு அவர் என்றால் பெரும்பாலும் வில்லன். ‘மூன்று முடிச்சு’, ‘16 வயதினிலே’ எல்லாம் அப்போது நேற்று வந்த படங்கள். தயாரிப்பாளர் வேணு செட்டியாரே தயங்கியிருக்கிறார், மகேந்திரன் பிடிவாதமாக நின்று அவரைப் போட்டார். அந்த வில்லத்தனத்தின் மிச்சத்தை ரஜினி இதில் துடைத்துப் போடவில்லை என்பதுதான் முக்கியம். அந்த வேகப் பேச்சும் வெடுக்கென்று திரும்பும் கழுத்தும் அப்படியே இருக்கின்றன. ‘16 வயதினிலே’ பரட்டையிடம் அதே துடுக்கு அடுத்தவனைச் சிறுமைப்படுத்தப் பயன்பட்டது. காளியிடம் அது யோசனைக்கு முந்தி வந்துவிடும் கோபம். வாய் பேசி முடித்த பிறகுதான் கண் அதற்குப் பொருள் தேடுகிறது. அதிகாரிகள் இருக்கும் காட்சிகளில் அவர் கண்களை மட்டும் கவனியுங்கள். சொல் தைரியமாக இருக்கும், பார்வை ஒரு நொடி பிந்தி வந்து நிற்கும். அந்த ஒரு நொடி இடைவெளியில்தான் நமக்கு அவன்மேல் பிரியம் ஊறுகிறது. கை போன பிறகு இன்ஜினீயரிடம் தன்னைத் தானே கெட்ட பயல் என்று சொல்லிக்கொள்ளும் புகழ்பெற்ற காட்சி இதன் உச்சம். மேடைகளிலும் மிமிக்ரியிலும் அதைச் செய்பவர்கள் வீறாப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் அந்த வீறாப்புக்கு அடியில் அழுகை இருக்கிறது. அழுகையை விழுங்கினால்தான் குரல் அப்படி ஏறும். வெறும் சவாலாகப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், தொண்டை அடைக்காது.

ஆனால் காளியை நாம் மன்னிப்பது ரஜினியால் மட்டும் நடப்பதில்லை. பாதிக்கு மேல், தங்கை வள்ளியாக வரும் ஷோபாவின் வேலை அது. படம் வந்தபோது அவருக்குப் பதினாறு வயது நிறையவில்லை. வள்ளிக்கு நீளமான வசனங்கள் கிடையாது, அவர் செய்வது பெரும்பாலும் கேட்பதுதான். சினிமாவில் கேட்பது பேசுவதைவிடக் கடினம். எதிராளி பேசும்போது தன் முறைக்காகக் காத்திருக்கும் நடிகரின் முகம் காலியாகிவிடும், குளோசப்பில் அது உடனே தெரியும். சில பேர் அந்தக் காலியிடத்தைப் புருவத்தாலும் உதட்டாலும் நிரப்பப் பார்ப்பார்கள். ஷோபா இரண்டையும் செய்யவில்லை. அண்ணன் பேசுவதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல் கேட்கிறார். அவன் கத்தும்போது அவர் முகத்தில் பயம் வருவதில்லை, ‘இவனுக்கு என்ன ஆச்சு’ என்ற கவலைதான் வருகிறது. காளியின் கோபம் ஆபத்தானதா, பரிதாபமானதா என்பதை நாம் அந்த முகத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். அதே காட்சியில் தங்கை மிரண்டு சுவரோடு ஒட்டியிருந்தால், காளி நம் கண்ணில் கொடுமைக்காரனாகிவிடுவான். ‘பசி’ படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது பிறகுதான். அந்த விருதுக்கான தகுதி முழுதாக இந்தப் படத்திலேயே இருக்கிறது.

குமரனாக வரும் சரத்பாபுவைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. குமரன் கொஞ்சம் திமிரானவனாகத் தெரிந்திருந்தாலும் படம் சாய்ந்திருக்கும். அண்ணன் எதிர்த்தது சரிதான் என்று ரசிகன் நிம்மதியாகக் கதையை முடித்துக்கொண்டிருப்பான். சரத்பாபு குரலை உயர்த்தாமல், சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, நல்லவனாகவே கடைசிவரை நிற்கிறார். அதனால்தான் நம் மனசு தப்பான ஆளிடம் போகிறது என்ற உறுத்தல் நமக்கு இருந்துகொண்டே இருக்கிறது. காளியின் மனைவி மங்காவாக வரும் படாபட் ஜெயலட்சுமி தொடக்கத்தில் சாப்பாட்டு ஆசை என்ற ஒரே சுருதியில் நிற்கிறார். அந்த நகைச்சுவை இழுவைதான், படத்தின் பலவீனமான பகுதி அது. பிற்பாதியில் நாத்தனாருக்காகப் புருஷனையே எதிர்த்து நிற்கும்போது அந்தக் கலகலப்பு உறுதியாக மாறுகிறது. அப்போது முன்பு சலித்த காட்சிகளுக்கும் ஒரு பயன் இருந்தது தெரிகிறது.

இனி கடைசிக் காட்சி. வள்ளியைக் குமரனுக்குக் கட்டிக்கொடுக்க ஊரே கிளம்பிப் போகிறது, வழியில் காளி தனியாக நிற்கிறான். போய்க்கொண்டிருந்த வள்ளி எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். அதைவிட வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. தங்கை தன்னைத்தான் பெரிதாக நினைக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்ததும், அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். கூடவே, இப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான்.

இந்தக் காட்சியை மூன்று முறை பாருங்கள். முதல்முறை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, ஷோபாவை மட்டும் தொடருங்கள். அவர் திரும்புவதற்கு முன்பே நடையின் வேகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இரண்டாம் முறை, அதே போல் சத்தமில்லாமல், ரஜினியின் முகம். கர்வமும் அழுகையும் ஒரே நேரத்தில் அதில் ஏறும், ஒன்று மற்றொன்றைத் துரத்திவிடாது. மூன்றாம் முறை இளையராஜாவின் பின்னணி இசையோடு. இசை எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது, நடிப்பு ஏற்கெனவே எவ்வளவு செய்து வைத்திருக்கிறது என்று அப்போது பிரித்தறிய முடியும். இசையை எடுத்துவிட்டால் காட்சி மெலிகிறது, ஆனால் உடையவில்லை. நடிப்பு மோசமான படங்களில் இது தலைகீழ். சத்தத்தை அணைத்ததும் திரையில் ஒன்றுமே நடக்காது.

வசனம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தயாரிப்பாளர் வருந்தினார். ரசிகர்களும் உடனே திரண்டுவிடவில்லை, முதல் சில வாரங்கள் மந்தம்தான். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் சேர்ந்து நூறு நாள் தாண்டியது. வசனத்தில் எல்லாவற்றையும் கேட்டுப் பழகியவர்களுக்கு முகத்தைப் படிக்கக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ரஜினிக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது.

பார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும், அதில் தவறினால் மேலே சொன்ன எதுவும் கண்ணில் படாது. பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தை நம்பி எடுத்தவர், அவர் ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப் படம் இது. முகங்களில் பாதி நிழல் விழும். பகல் வெளிச்சத்தில் போனில் பார்த்தால் அந்தப் பாதி வெறும் கறுப்பாகிவிடும், ஷோபாவின் கண் அங்கேதான் இருக்கும். இரவில், விளக்கை அணைத்துப் பெரிய திரையில் பாருங்கள். டிவியில் ‘விவிட்’ மோடு இருந்தால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோடுக்கு மாற்றுங்கள். விவிட் நிறத்தை ஏற்றித் தோலைச் செம்மண்ணாக்கிவிடும். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் வசதியையும் அணைத்துவிடுங்கள். படத்தில் இல்லாத ஃபிரேம்களை அது தானாக உண்டாக்கிச் செருகுவதால், கண் இமைப்பும் உதட்டு நடுக்கமும் மழுங்கிப்போகும். அகலத் திரைக்காகப் பக்கவாட்டில் இழுத்த பிரதி கிடைத்தால் தொடாதீர்கள். முகங்கள் பருத்துத் தெரியும், தலையும் தாடையும் வெட்டுப்பட்டிருந்தால் இன்னும் மோசம். சத்தம் பழையது, பேச்சு சற்று அடைத்த மாதிரி கேட்கும். ஹெட்போன் இருந்தால் காளியின் குரல் எந்தச் சொல்லில் பிசிறடிக்கிறது என்பது வரை கேட்கலாம்.

முதல்முறை பார்ப்பவர்கள் இடையில் நிறுத்தாமல் பாருங்கள், பாட்டுகளைத் தாண்டி ஓட்டவும் வேண்டாம். ‘செந்தாழம் பூவில்’ பாட்டில் ஜீப் ஓட்டிப்போகும் குமரனை நாம் விரும்பத் தொடங்கினால்தான், கடைசியில் காளி அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்லும்போது சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வரும்.