இன்டர்வியூ புதிர்களில் வேலைக்கு உதவுவது எது?

லிங்க்டு லிஸ்டைத் (ஒவ்வொன்றும் அடுத்ததைக் காட்டும் பட்டியல்) தலைகீழாக்கு, எல்ஆர்யூ கேஷ் (இடம் நிறைந்தால் வெகுநேரமாகத் தொடாததை வெளியேற்றும் தற்காலிகச் சேமிப்பு) எழுது, பைனரி சர்ச் (வரிசையாக உள்ளதைப் பாதி பாதியாக ஒதுக்கித் தேடுவது) போடு. புரோகிராமர் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் மனப்பாடம் செய்யும் மூன்று புதிர்கள் இவை. வேலையில் சேர்ந்த பிறகு எது கை கொடுக்கும் என்று கேட்டால், என் ஓட்டு பைனரி சர்ச்சுக்குத்தான்.

அதைக் கையால் எழுதும் வேலை அநேகமாக வராது, யோசனைதான் தேவைப்படும். போன மாதம் ஒழுங்காக ஓடிய ஃபீச்சர் இன்று ஓடவில்லை, நடுவில் ஆயிரம் கமிட் (கோடில் செய்து பதிந்த மாற்றங்கள்) என்று வையுங்கள். கமிட்டுகளைப் பதிந்துவைக்கும் கிட்டின் பைசெக்ட் கட்டளையிடம் எது வரை நன்றாக இருந்தது, எதில் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது நடுவில் உள்ள கமிட்டை எடுத்துத் தரும், நாம் ஓட்டிப் பார்த்து குட், பேட் என்று சொல்லிக்கொண்டே போனால் சுமார் 10 தடவையில் ஆள் சிக்கிவிடும். ஒரு பெரிய சிஎஸ்வி ஃபைல் ஏறாமல் முரண்டு பிடித்தாலும் இதே கதைதான், பாதியை வெட்டிவிட்டு ஏற்றிப் பார்க்கிறோம். அதற்காக எழுதுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டும்போது இன்ட் (முழு எண் வகை) தன் உச்ச அளவைத் தாண்டி வழிந்துவிடும் பிழை ஜாவா லைப்ரரியிலேயே இருந்தது. எழுதிய ஜோஷ்வா பிளாக்கே 2006இல் அதைப் போட்டு உடைத்தார். நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் உள்ள அரே வந்தால்தான் அது வெளியே தெரியும்!

அடுத்தது எல்ஆர்யூ. பைதானின் எல்ஆர்யூ கேஷுக்குள் இருப்பது அப்படியே இன்டர்வியூ விடைதான்: டிக்‌ஷனரி, கூடவே இருபக்க லிங்க்டு லிஸ்ட். டேட்டாவை மெமரியிலேயே வைக்கும் ரெடிஸ் அந்த வழிக்குப் போகவில்லை. ஒவ்வொரு கீக்கும் (டேட்டாவின் பெயர்) அடுத்ததைக் காட்டும் பாயின்டர் வைத்தால் மெமரி போய்விடும் என்று, குத்துமதிப்பாகச் சில கீக்களை (அமைப்பை மாற்றாவிட்டால் 5) எடுத்து, அவற்றில் பழையதைத் தள்ளிவிடுகிறது. இதை இன்டர்வியூவில் சொன்னால் எத்தனை பேர் ஏற்றுக்கொள்வார்களோ தெரியாது, ஆனால் வேலையில் கேட்கப்படுவது இந்த மாதிரி முடிவுதான்.

லிங்க்டு லிஸ்டைத் திருப்புவதா? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் உண்டு; லாக் இல்லாத (பூட்டாமலே பலரும் ஒரே நேரத்தில் சேர்க்கக்கூடிய) பட்டியலில் புதியது முன்னால் நிற்பதால், வந்த வரிசையில் கவனிக்க அதைத் திருப்ப வேண்டியிருக்கிறது. சரி, நம்மில் எத்தனை பேர் கெர்னல் எழுதுகிறோம்?

இன்டர்வியூ அடுத்த வாரம் என்றால் மூன்றையும் படித்துத்தான் ஆக வேண்டும். வேலைக்காக என்றால், பழைய ரெப்போ (கிட்டில் உள்ள கோட் களஞ்சியம்) ஒன்றில் டெஸ்ட் ஸ்கிரிப்டைக் கொடுத்து பைசெக்ட் ரன் போட்டுப் பாருங்கள், குட் பேட் சொல்லும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.