பாம்பிள்மூஸா, கியூர்பிப்பா? மொரீசியஸில் பூங்காவுக்கு ஒரு நாள்

மொரீசியஸுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கடற்கரைகளுக்கு நடுவே ஒரு நாளைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒதுக்குவார்கள். அது பெரும்பாலும் பாம்பிள்மூஸுக்குத்தான் போகும், சுற்றுலா வண்டிகள் எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் விடும். ஆனால் தீவின் நடுமேட்டில், கியூர்பிப் ஊரில் இன்னொரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. இரண்டில் எது என்று கேட்டால், உடன் வருபவர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

பாம்பிள்மூஸ் பழையது, பெரியது. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே, கப்பல்களுக்கும் தன் வீட்டுக்கும் காய்கறி விளைவிக்கத் தொடங்கிய இடம் அது. பின்னால் வந்த பிரெஞ்சு நிர்வாகி பியர் புவாவ்ர் கதைதான் சுவையானது. ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர்களின் தனியுரிமையாக இருந்த காலத்தில், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மலுக்கு தீவுகளிலிருந்து அவற்றின் கன்றுகளையும் விதைகளையும் ரகசியமாகக் கடத்தி வரச் செய்து இங்கே நட்டார். இன்றைக்கும் வாசனை மரங்களின் இலையைக் கசக்கி முகரக் கொடுப்பதுதான் வழிகாட்டிகள் பிள்ளைகளை வசப்படுத்தும் முதல் உத்தி. வாசலில் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி மரங்கள் வெறும் மரங்களாகவே கடந்துபோகும்.

குளத்து அமேசான் அல்லியைச் சொல்லவே வேண்டாம். விளிம்பு மடிந்த தாம்பாளம் மாதிரி இலைகள், இரண்டு மீட்டர் அகலத்துக்கும் மேல் விரியக்கூடியவை. பூ முதல் நாள் மாலையில் வெள்ளையாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பாகிவிடும், அதோடு சரி. அல்டாப்ரா ராட்சத ஆமைகள் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு மரம் அலுத்தாலும் கவலையில்லை. பாதைகள் சமதளம். முழங்கால் வலிக்காரர்களும் கைவண்டிக் குழந்தையும் சிரமமில்லாமல் சுற்றிவரலாம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நீட்டுகிற மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

குறை என்றால் வெக்கையும் கொசுவும். அப்புறம், எரிமலைத் தீவில் இருக்கிறோம் என்ற நினைப்பே அங்கே வராது. வழியில் கரும்புக் காட்டுக்குள் குவித்து வைத்திருக்கும் கருங்கல் மேடுகள்தான் அதற்குச் சாட்சி. உழவுக்குத் தடையாக இருந்த எரிமலைப் பாறைகளைப் பொறுக்கிப் போட்ட குவியல்கள் அவை.

கியூர்பிப் இதற்கு நேர் எதிர். சுமார் 550 மீட்டர் உயரம், குளிர்ச்சி, சொல்லாமல் வரும் மழை. தாழ்நிலத்து வெப்பம் ஒத்துக்கொள்ளாத செடிகளுக்காக 1870-இல் அமைத்த பூங்கா. சிறியது, கட்டணம் கிடையாது, கூட்டமும் குறைவு. அலங்காரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அங்கே வேலி போட்டு ஒற்றைப் பனை ஒன்றைக் காத்து வைத்திருக்கிறார்கள். ஹயோஃபோர்பே அமரிகாலிஸ் என்ற அந்த இனத்தில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆண் பூவும் பெண் பூவும் அதே மரத்தில் வெவ்வேறு காலத்தில் மலர்வதால் தானாக இனம் பெருக்க வழியில்லை, ஆய்வகங்களில் செய்த முயற்சிகளும் கைகூடவில்லை. பாம்பிள்மூஸில் உள்ள தாளிப்பனையோ பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே ஒருமுறை பூத்து, காய்த்துச் செத்துப்போகும். இரண்டு பனைகளில் எது பரிதாபம் என்று பிள்ளைகளைச் சண்டை போட விடலாம். பார்வைக்கு அந்த ஒற்றைப் பனை மெலிந்த சாதாரண மரம்தான். கதையைச் சொல்லாமல் கூட்டிப் போனால் ‘இதுக்கா வந்தோம்’ என்பார்கள்.

என் கணக்கில் கியூர்பிப்பைத் தூக்கி நிறுத்துவது பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய். விளிம்பைச் சுற்றிச் சாலையே இருக்கிறது. சுமார் 80 மீட்டர் ஆழத்துக்குச் சரிவெல்லாம் காடு, அடியில் சேற்றுக் குட்டை. ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்த தீவு இது என்று புத்தகத்தில் படிப்பதை விட, அந்த விளிம்பில் நின்று பார்ப்பது மேல். மேகம் மூடினால் மட்டும் ஒன்றும் தெரியாது, அதனால் காலையிலேயே போய்விட வேண்டும்.

கைக்குழந்தை, தாத்தா பாட்டி என்றால் யோசிக்காமல் பாம்பிள்மூஸ். பக்கத்திலேயே போ பிளானில் பழைய சர்க்கரை ஆலை அருங்காட்சியகமும் இருப்பதால் மதிய வெயிலுக்கு ஒதுங்கிக்கொள்ளலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட, கேள்வி கேட்கிற பிள்ளைகள் என்றால் நான் கியூர்பிப் பக்கம். 2022 முதல் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து அங்கே மெட்ரோ ரயிலும் போகிறது, கார் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். நடுவில் போர்ட் லூயி நெரிசல் இருக்கிறது, வேண்டாம். கியூர்பிப் போக நினைத்த நாளில் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால், திட்டத்தை மாற்றி வடக்கே பாம்பிள்மூஸுக்கு வண்டியைத் திருப்புங்கள். மேட்டில் மழை கொட்டும்போதும் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருப்பது சகஜம்.